பறவைகள் காத்த பெண்

கதை எழுதுகிறவன் வீட்டுக்கு ஜனங்கள் இரண்டு காரியங்களுக்காக வருவார்கள். ஒன்று, தங்கள் சொந்தக் கதையை நாவலாக எழுதச் சொல்வதற்கு. இன்னொன்று, பிறந்த குழந்தைக்குப் பெயர் கேட்பதற்கு. முதல் கோஷ்டியைச் சமாளித்துவிடலாம். "யோசிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டாவது கோஷ்டியிடம் அது பலிக்காது. அவர்கள் கையில் பஞ்சாங்கம் இருக்கும், நாளும் குறித்திருப்பார்கள்.

சென்ற தை மாதத்தில் எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் தம்பதிகள் வந்தபோது, இரண்டாவது கோஷ்டி என்று நினைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"பெயரை முடிவு பண்ணிவிட்டோம், ஸார். அதில்தான் தகராறு" என்றார் கணவர்.

தகராறு இதுதான். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. முறைப்படி மனுப் போட்டு, மூன்று வருஷம் காத்திருந்து, ஒரு பெண் குழந்தையைத் தத்து எடுத்து வந்திருந்தார்கள். ஏழு மாதக் குழந்தை. பிறந்த சில நாட்களுக்குள் யாரோ விட்டுவிட்டுப் போனார்கள் என்பதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தக் குழந்தைக்குச் சகுந்தலா என்று பெயர் வைக்கவேண்டும் என்று தாயார் ஒரே பிடியாக நிற்கிறாள். கூடவே கூடாது என்கிறார் மாமியார்.

மாமியார் கட்சியின் வாதத்தையும் கணவரே எடுத்துச் சொன்னார். பாவம், இரண்டு கட்சிக்கும் அவர் ஒருவரே வக்கீல்! "பெற்றவள் காட்டிலே போட்டுவிட்டுப் போனாள். கைப்பிடித்தவன் யாரென்றே தெரியாது என்றான். அப்படிப்பட்டவள் பெயரா வைக்கவேண்டும்? பெயரிலேயே அபசகுனம் இருக்கிறதே என்கிறார் அம்மா. அதுவும் எங்கள் குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தால், ஊருக்கெல்லாம் தண்டோராப் போட்ட மாதிரி ஆகுமாம்."

நான் அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். அதுவரை பேசாமல் இருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "என்றைக்காவது ஒரு நாள், 'என் பெயருக்கு என்னம்மா அர்த்தம்?' என்று அவள் கேட்பாள் இல்லையா, ஸார்? அன்றைக்கு நான் பொய் சொல்ல வேண்டாமே என்றுதான்."

உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த நிமிஷத்தில் என் மனம் பாட்டியின் கட்சியில்தான் இருந்தது. உலகத்தில் அழகான பெயர்களுக்கு என்ன பஞ்சம்? ஒரு குழந்தை தன் துயரத்தைப் பெயராகச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டுமா? ஆனால் அதைச் சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டு அனுப்பிவிட்டு, அன்று இரவே அலமாரியிலிருந்து மகாபாரதத்தை இறக்கினேன். கும்பகோணம் ம.வீ. இராமானுஜாசாரியார் பெருமுயற்சி செய்து வெளியிட்ட தமிழ் மகாபாரதம். என் தகப்பனார் வாங்கி வைத்துவிட்டுப் போனது. ஆதிபர்வத்தைப் பிரித்தேன். படிக்கப் படிக்க நான் கட்சி மாறிய கதைதான் இந்தக் கட்டுரை.

நம் இதிகாசப் பெண்மணிகளின் பெயர்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஜனகரின் பெண் ஜானகி. மிதிலையில் பிறந்ததால் மைதிலி. விதேக நாட்டவள் ஆதலால் வைதேகி. துருபதன் மகள் திரௌபதி. அவளே பாஞ்சால தேசத்தவளாகையால் பாஞ்சாலி. காந்தார தேசத்துக்குக் காந்தாரி, கேகய தேசத்துக்குக் கைகேயி. தகப்பன் பெயர், அல்லது தகப்பன் ஆண்ட நாட்டின் பெயர். தபால் விலாசம் மாதிரி! அந்தப் பெண்ணைப் பற்றி அந்தப் பெயர்கள் ஒன்றுமே சொல்வதில்லை.

இந்த வரிசையில் சேராத பெயர் சகுந்தலா.

வடமொழியில் 'சகுந்தம்' என்றால் பறவை. 'லா' என்ற வினையடிக்கு எடுத்துக்கொள்ளுதல் என்று பொருள் உண்டு. பறவைகள் தங்களுடையவளாக எடுத்துக்கொண்ட பெண் என்று பிரித்துப் பொருள் சொல்லலாம். ஆனால் இலக்கணத்தைத் தேடிப் போகவேண்டிய அவசியமே இல்லை. பெயர் வைத்தவரே காரணத்தையும் சொல்லியிருக்கிறார். கண்வ மகரிஷி மாலினி நதிக்கு நீராடப் போகிறார். மனித சஞ்சாரமில்லாத அந்த வனத்தில், பச்சைக் குழந்தை ஒன்று தரையில் கிடக்கிறது. சிங்கமும் புலியும் திரிகிற இடம். ஆனால் மாமிசம் தின்னும் பிராணி எதுவும் நெருங்காதபடி பறவைகள் அதைச் சூழ்ந்து நின்று காவல் காக்கின்றன. ரிஷி குழந்தையை எடுத்துவந்து மகளாக வளர்த்தார். ஜனமில்லாத காட்டில் பறவைகள் இவளைக் காப்பாற்றின. ஆகையால் இவளுக்குச் சகுந்தலை என்று நாமகரணம் செய்தேன் என்பது அவர் கூறும் காரணம்.

கண்வர் நினைத்திருந்தால் தம் பெயரையே அவளுக்குச் சூட்டியிருக்கலாம். எல்லா ராஜாக்களும் அதைத்தானே செய்தார்கள்? மேனகையின் பெயரையாவது விசுவாமித்திரரின் பெயரையாவது ஒட்டிப் பெயர் வைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பெற்றவர்கள் போன பிறகு, தாம் வந்து சேர்வதற்கு முன்பு, அந்த இடைவேளையில் குழந்தைக்குத் துணையாக நின்றவர்கள் யாரோ, அவர்களுடைய பெயரை வைத்தார். சகுந்தலா என்ற பெயரில் கைவிட்டவர்களைப் பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லை. காப்பாற்றியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

பாட்டி 'அபசகுனம்' என்றாரே, அந்தச் சொல்லையும் கொஞ்சம் கவனிக்கவேண்டும். 'சகுனம்' என்றாலும் வடமொழியில் முதல் பொருள் பறவைதான். பறவை எந்தத் திசையில் பறந்தது, எப்படிக் கத்தியது என்று பார்த்துப் பலன் சொல்லும் வழக்கத்தால், பறவைக்கு உரிய சொல் நிமித்தத்துக்கு ஆகிவிட்டது. தமிழிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. 'புள்' என்றால் பறவை. புள் என்றால் நிமித்தமும்கூட. தொல்காப்பியத்துப் பொருளதிகாரம் நாளையும் புள்ளையும் நிமித்தமாகச் சேர்த்துச் சொல்கிறது. காந்தாரத்துச் சகுனி மாமாவின் பெயருக்கும் பறவை என்றுதான் அர்த்தம் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆகச் சகுனமும் சகுந்தலையும் ஒரே கூட்டிலிருந்து கிளம்பிய சொற்கள். அந்தப் பெயரில் சகுனம் இருக்கிறது என்று பாட்டி சொன்னதில் பிசகில்லை. ஆனால் அது நல்ல சகுனம்.

பெயர் மிகவும் பழையது. மகாபாரதத்துக்கும் முந்திய சதபத பிராமணத்தில், நாடபித் என்ற இடத்தில் பரதனைப் பெற்ற அப்சரஸாகச் சகுந்தலை குறிப்பிடப்படுகிறாள். பரதன் யமுனைக் கரையில் 78 குதிரைகளையும் கங்கைக் கரையில் 55 குதிரைகளையும் யாகத்துக்குக் கட்டினான் என்று அங்கே கணக்குக்கூட இருக்கிறது. குதிரைகளின் கணக்கு இருக்கிறதே ஒழிய, அந்தத் தாயார் என்ன பாடுபட்டாள் என்ற கணக்கு அங்கே இல்லை. அதைச் சொல்ல மகாபாரதம் வரவேண்டியிருந்தது.

மகாபாரதத்தில் வரும் சகுந்தலையை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. நமக்குத் தெரிந்தவள் காளிதாசனின் சகுந்தலை. ஆதிபர்வத்துச் சகுந்தலை முற்றிலும் வேறு பெண்.

துஷ்யந்தன் ஆசிரமத்துக்கு வருகிறான். கண்வர் பழம் பறிக்கப் போயிருக்கிறார். அவள்தான் அரசனை உபசரிக்கிறாள். "பிரம்மசாரியான ரிஷிக்கு மகள் எப்படி வந்தாள்?" என்று அவன் கேட்கிறான். அவள் நாணிக் கோணவில்லை. தோழியின் முதுகுக்குப் பின்னால் ஒளியவுமில்லை. தன் கதை முழுவதையும் தானே சொல்கிறாள். மேனகை வந்தது, விசுவாமித்திரர் தவம் கெட்டது, பிறந்த குழந்தையை மாலினிக் கரையில் விட்டுவிட்டு மேனகை தேவலோகம் திரும்பியது, பறவைகள் காத்தது, எல்லாவற்றையும்.

அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு சமயம் ஆசிரமத்துக்கு வந்த வேறொரு ரிஷி கண்வரிடம் அவளுடைய பிறப்பைப் பற்றி விசாரித்தாராம். கண்வர் உள்ளதை உள்ளபடி சொன்னாராம். அதைத் தான் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சகுந்தலை கூறுகிறாள். குழந்தையை உள்ளே போகச் சொல்லிவிட்டுக் கிசுகிசுக்கவில்லை அந்த மகரிஷி. மறைக்கவேண்டிய சங்கதியாக அவர் அதை நினைக்கவே இல்லை.

அதோடு ஒரு தர்மத்தையும் அவர் சொல்லியிருக்கிறார். தகப்பன் என்ற பெயருக்கு உரியவர்கள் மூன்று பேர்: உடலைக் கொடுத்தவன், உயிரைக் காத்தவன், சோறு போட்டவன். தர்ம சாஸ்திரம் இந்த மூவரையும் பிதா என்றே ஒப்புக்கொள்கிறது என்பது அவர் தீர்ப்பு. மூவரில் முதல்வர் விசுவாமித்திரர். மற்ற இரண்டு ஸ்தானங்களும் கண்வருக்கு! ஆகையால், கண்வரைத்தான் நான் தகப்பனாராக நினைக்கிறேன் என்று முடிக்கிறாள் சகுந்தலை.

இப்படித் தன் கதையைத் தெரிந்துகொண்டு வளர்ந்த பெண் கல்யாணத்திலும் ஏமாறவில்லை. எனக்குப் பிறக்கும் பிள்ளைக்கே இளவரசுப் பட்டம் என்று வாக்குக் கொடுத்தால்தான் சம்மதம் என்று நிபந்தனை போடுகிறாள். அரசன் ஒப்புக்கொண்டு காந்தர்வ முறையில் மணந்துகொண்டு, ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஆள் வரவில்லை. பிள்ளை பிறக்கிறான். ஆறு வயதில் சிங்கத்தையும் புலியையும் மரத்தில் கட்டிப்போட்டு விளையாடுகிறான். எல்லாவற்றையும் அடக்குகிறவன் என்று ஆசிரமவாசிகள் அவனுக்குச் சர்வதமனன் எனப் பெயர் வைக்கிறார்கள். பிறகு அவள் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஹஸ்தினாபுரத்து ராஜசபைக்குப் போகிறாள்.

அங்கே நடப்பதைப் படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. மகாபாரதக் கதையில் துர்வாசர் சாபம் கிடையாது, மோதிரமும் கிடையாது. துஷ்யந்தனுக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருந்தும் தெரியாது என்கிறான். "துஷ்டத் தவசியே, நீ யாருடையவள்?" என்று கேட்கிறான். பெண்கள் பொய் சொல்லுகிறவர்கள் என்கிறான். உன் தாய் மேனகை எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியாதா என்று பிறப்பையே இழுக்கிறான்.

தன் பிறப்பை இருபது வயதில் ஊர்வம்பாகக் கேள்விப்பட்ட பெண்ணாக இருந்தால், அந்த ஒரு வார்த்தையில் தலை குனிந்திருப்பாள். சகுந்தலை குனியவில்லை. பிறருடைய குற்றம் கடுகளவாக இருந்தாலும் உமக்குத் தெரிகிறது; உம்முடையது வில்வப் பழத்தளவு இருந்தும் தெரியவில்லையே என்கிறாள். நீர் தரையில் நடக்கிறவர், நான் ஆகாயத்தில் சஞ்சரிக்கிறவர்களின் பெண் என்கிறாள். ஆயிரம் அசுவமேதத்தையும் ஒரு சத்தியத்தையும் தராசில் வைத்தால் சத்தியத்தின் தட்டே தாழும் என்கிறாள். நீர் ஏற்காவிட்டாலும் என் பிள்ளை இந்தப் பூமியை ஆளத்தான் போகிறான் என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறாள். அப்போது அசரீரி கேட்கிறது: இவள் சொல்வது சத்தியம், இவன் உன் பிள்ளை, இவனைப் பரிப்பாயாக!

பரித்தல் என்றால் தாங்குதல், போஷித்தல். அந்தக் கட்டளையால்தான் பிள்ளைக்குப் பரதன் என்று பெயர் வந்தது என்கிறது மகாபாரதம்.

தாய், பிள்ளை இருவருடைய பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெற்றவர்கள் விட்டபோது காத்தவர்களின் பெயர் தாய்க்கு. பெற்றவன் மறுத்தபோது 'காப்பாற்று' என்று பிறந்த உத்தரவு பிள்ளைக்கு. இரண்டு பெயர்களிலும் ஒரே கேள்விதான்: இந்தக் குழந்தையைத் தாங்கப் போகிறவர் யார்?

கணவனுக்குப் பர்த்தா என்கிறோம். மனைவிக்குப் பாரியை என்கிறோம். தாங்குகிறவன், தாங்கப்படவேண்டியவள் என்று அர்த்தம். பரதனும் அந்த வேரில் முளைத்தவனே. நம் தேசத்தின் பெயருக்குப் புராணங்களில் வேறு காரணமும் கூறுவது உண்டு. ரிஷபருடைய குமாரன் பரதன் ஒருவன் இருக்கிறான். ஆனாலும் சகுந்தலையின் மகன் பரதனையும் அவன் வம்சத்தையும் பாரதம் என்ற பெயரோடு சேர்த்து நினைப்பது நீண்ட நாள் வழக்கம். 1949 நவம்பர் 26-இல் ஏற்றுக்கொண்ட நமது அரசியல் சட்டம் தன் முதல் ஷரத்திலேயே அந்தப் பெயரைச் சொல்கிறது. காட்டில் கிடந்த குழந்தை ஒன்று, அதன் குழந்தையைத் தகப்பன் ஏற்க மறுத்த ஒரு வழக்கு. இத்தனை பெரிய தேசத்தின் பெயர் அந்த வழக்கின் தீர்ப்போடு சம்பந்தப்பட்டிருக்கிறது!

காளிதாசன் விஷயத்துக்கு வருவோம். அவன் கதையை ஏன் மாற்றினான் என்று பண்டிதர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். என்போன்ற கதைக்காரனுக்குப் படுவது ஒன்றுதான். தெரிந்தே பொய் சொல்கிற அரசனை ஏழு அங்க நாடகத்துக்குத் தலைவனாக வைத்து ரசிகர்களை உட்காரவைக்க முடியாது. ஆகவே ஒரு சாபத்தைக் கொண்டுவந்தான்; தொலைந்துபோகிற மோதிரத்தையும் அதை மீனின் வயிற்றிலிருந்து எடுக்கிற செம்படவனையும் கொண்டுவந்தான். அரசனின் குற்றம் மறதியாயிற்று. அவனுக்கு லாபம். அதற்கு ஈடாகச் சகுந்தலை தன் நாவன்மையில் பெரும்பகுதியை இழந்தாள். பிறப்புக் கதையைக்கூட நாடகத்தில் தோழி அனசூயைதான் அரசனுக்குச் சொல்கிறாள்.

ஆனால் மகாகவி மகாகவிதான். பெயரின் உட்பொருளை அவன் ஒரு கணமும் மறக்கவில்லை. நாடகம் முழுவதும் பறவைகளைத் தூவி வைத்திருக்கிறான். நாலாவது அங்கத்தில் அவள் புக்ககம் புறப்படும்போது, மரங்கள் விடை கொடுப்பதுபோல் குயில் கூவுகிறது. அப்போது ஒரு மான்கன்று வந்து அவள் புடவையைப் பிடித்து இழுக்கிறது. ஈன்ற சில நாளிலேயே தாயை இழந்த அந்தக் கன்றை அவள்தான் தானியம் ஊட்டி வளர்த்திருக்கிறாள். பறவைகள் வளர்த்த பெண், தாயில்லாத மானை வளர்க்கிறாள்.

ஐந்தாவது அங்கத்தில் அதே குயிலை அரசன் கல்லாக எடுத்து அவள்மேல் வீசுகிறான். பெண்களின் தந்திரம் மனிதர்களிடம் மட்டுமா? குயில்கூடத் தன் குஞ்சுகளை வேறு பறவைகளிடம் வளர்க்க விட்டுத்தானே வைக்கிறது என்கிறான். குயிலுக்கு வடமொழியில் 'பரபிருதம்' என்று பெயர். பிறரால் வளர்க்கப்பட்டது என்று பொருள். பெயரிலேயே பறவையைச் சுமக்கிறவள் முன்னால், வேறு கூட்டில் வளர்ந்தவள் என்று ஒரு பறவையை வைத்தே அவமானப்படுத்துகிறான். அரங்கில் அவள் அழுகிறாள்; பார்க்கிற நாமும் அழுகிறோம்.

அந்தக் காயத்துக்கு ஏழாவது அங்கத்தில் மருந்து வருகிறது. ஆசிரமத்தில் ஒரு சிறுவன் சிங்கக்குட்டியோடு மல்லுக்கு நிற்கிறான். அதை விடச் செய்வதற்காகத் தவசிப் பெண்ணொருத்தி வர்ணம் பூசிய மண் மயிலைக் கொண்டுவந்து, இந்தச் சகுந்த லாவண்யத்தைப் பார் என்கிறாள். பறவையின் அழகைப் பார் என்பது அர்த்தம். பையன் காதில் விழுந்தது முதல் நாலு எழுத்துத்தான்! "அம்மா எங்கே?" என்று திரும்பிப் பார்க்கிறான். அருகில் நின்ற துஷ்யந்தனுக்கு அந்தப் பெயரைக் கேட்டு உடம்பு சிலிர்க்கிறது. ஒரு மண்பொம்மைப் பறவை அந்தக் குடும்பத்தை ஒன்று சேர்க்கத் தொடங்குகிறது.

உலகம் சுற்றியது இந்தச் சகுந்தலைதான். 1789-இல் சர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் நாடகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1791-இல் ஜார்ஜ் ஃபார்ஸ்டர் அதை ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். அதைப் படித்து மகாகவி கதே பரவசப்பட்டுப் பாட்டு எழுதினார். தமிழில் 1907-இல் மறைமலையடிகள் மொழிபெயர்த்தார். ராஜா ரவிவர்மா, முள் தைத்ததுபோல் பாவனை செய்து திரும்பிப் பார்க்கும் சகுந்தலையை எழுதினார். 1940-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் நடித்த 'சகுந்தலை' படம் வந்தது. என் பாட்டியின் காலத்திலும் தாயாரின் காலத்திலும் தெருவுக்கு ஒரு சகுந்தலா இருந்தாள். படத்தைப் பார்த்து, பாட்டைக் கேட்டு வைத்த பெயர்கள். அழகான பெண், பிரிந்த காதல், தொலைந்த மோதிரம்; பெயரைக் கேட்டால் ஜனங்களுக்கு ஞாபகம் வந்தது இவ்வளவுதான். பறவைகள் எங்கேயோ பறந்துபோய்விட்டன. எங்கள் தெருப் பாட்டிக்குத் தெரிந்ததும் இந்தச் சகுந்தலைதான்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்கு நானே போனேன். பாட்டி கூடத்தில் உட்கார்ந்து குழந்தைக்குக் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. குழந்தையிடம் அவருக்கு ஆசை இல்லை என்று நான் தவறாக எண்ணியிருந்தால், அந்தக் கைகளைப் பார்த்த மாத்திரத்தில் திருத்திக்கொண்டிருப்பேன்.

"என்ன தம்பி, மத்தியஸ்தமா?" என்றார்.

"இல்லை அம்மா, கதை சொல்ல வந்தேன்" என்று, மேலே எழுதியதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். பறவைகள் காவல் காத்த இடத்தில் காலை நீவுவதை நிறுத்தினார். மூன்று தகப்பன்மார் கதையைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"கண்வர் ரிஷி. காட்டிலே ரிஷி சொன்னால் எல்லாரும் கேட்டுக்கொள்ளுவார்கள். இது ஊர், தம்பி. இவளுக்கு ஏன் தெரியவேண்டும்? தெரியாமலே சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே!"

இதற்குப் பதில் என்னிடம் இல்லை, மகாபாரதத்தில் இருந்தது. தன் பிறப்புத் தெரியாமல் வளர்ந்த குழந்தை ஒன்றும் அங்கே இருக்கிறதே! ஆற்றில் விடப்பட்ட கர்ணனுக்கு, அவன் யார் என்பதை எப்போது சொன்னார்கள்? யுத்தத்துக்கு முகூர்த்தம் குறித்த பிறகு. முதலில் கிருஷ்ணன் சொன்னான். பிறகு பெற்றவளே வந்து சொன்னாள். இரண்டு பேருக்கும் அதனால் ஆகவேண்டிய காரியம் ஒன்று இருந்தது. அதற்குமுன், அரங்கத்தில் அத்தனை பேர் நடுவில் அவன் குலத்தைக் கேட்டபோது, பதில் சொல்லத் தெரியாமல் தலை குனிந்து நின்றவன் அவன். அதே மாதிரி ராஜசபையில்தான் சகுந்தலையின் பிறப்பையும் இழித்துப் பேசினார்கள். அவள் நிமிர்ந்து பதில் சொன்னாள். இருவருக்கும் உள்ள வித்தியாசம் வீரத்தில் இல்லை. வீட்டிலே முன்பே சொன்னார்களா இல்லையா என்பதில்தான் இருக்கிறது. அப்படியும் கர்ணன், வளர்த்த தாயின் பெயரால் ராதேயன் என்று அழைக்கப்படுவதை விட்டுக்கொடுக்கவில்லையே!

பாட்டி வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, எனக்குத் தோன்றாத ஒன்றை அவரே சொன்னார்.

"ஆண்டாளும் பெரியாழ்வாருக்குத் துளசிச் செடியடியிலே கிடைத்தவள்தானே? சீதை கலப்பை கீறின படைக்காலிலே கிடைத்தாள். அவள் பெயருக்கும் அதுதானே அர்த்தம்? கோவிலிலே வைத்துக் கும்பிடுகிறோம். வீட்டிலே என்றால் மட்டும் மூடி மூடி வைக்கத் தோன்றுகிறது."

நான் சட்ட சங்கதி ஒன்றையும் சொல்லி வைத்தேன். பழைய இந்து வழக்கத்தில் தத்து என்றால் பொதுவாகப் பிள்ளையைத்தான் எடுப்பார்கள். பிண்டம் போட ஆள் வேண்டும் என்பதற்காக. பெண்ணையும் தத்தெடுக்கலாம் என்று நம் நாட்டில் சட்டம் எழுதியது 1956-இல். அந்தச் சட்டத்தின் தலைப்பில் தத்தெடுத்தலும் ஜீவனாம்சமும் சேர்ந்தே இருக்கின்றன. சகுந்தலையும் பரதனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல எனக்குப் பட்டது. 1992-இல் சேலத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியபோது, வேண்டாம் என்று விடப்படும் பெண் சிசுக்களுக்காகவே தொட்டில் வைக்கவேண்டியிருந்தது. மாலினி நதிக்கரை எங்கேயோ இமயமலை அடிவாரத்தில் மட்டும் இல்லை. பறவைகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பாட்டி, "சரி, உங்கள் இஷ்டம்" என்று மருமகளைப் பார்த்துச் சொன்னார். குரலில் முழுச் சம்மதம் இருந்ததாக என்னால் சத்தியம் செய்ய முடியாது. எழுபத்தெட்டு வருஷத்துப் பயம் ஒரு வாரத்துக் கதையில் போய்விடுமா?

பெயர் வைக்கிற நாளில் என்னையும் அழைத்திருந்தார்கள். குழந்தையின் காதில் மூன்று தடவை பெயர் சொல்லவேண்டும். வீட்டிலே மூத்தவராகப் பாட்டியைத்தான் உட்காரவைத்தார்கள். முதல் தடவை அவர் சொன்னது எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டது. மூன்றாவது தடவை தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

குழந்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே கம்பியில் ஏதாவது குருவி உட்கார்ந்திருந்தது என்று நான் எழுதினால், கதைக்காரன் புத்தியைக் காட்டிவிட்டான் என்பீர்கள். குருவி ஒன்றும் இல்லை. அம்மாவும் அப்பாவும் பாட்டியும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.